மங்கின படத்துக்கு யார் பொறுப்பு?

கலியாண வீட்டுப் படம் ஒன்று மங்கலாக வந்தால், குற்றவாளியைக் கண்டுபிடிக்க எங்கட ஊரில் அரை நிமிடம் போதும். ஸ்ரூடியோக்காரர் படத்தைத் திரையில் பெருப்பித்துப் பார்ப்பார். மணமகளின் கண் மங்கி, அவவுக்குப் பின்னால் நிற்கிற மாமியின் அட்டியல் பளிச்சென்று தெரியும். "தம்பி, உனக்கு ஃபோகஸ் பண்ணத் தெரியாதோ?" விசாரணை முடிந்தது. அன்றைய கூலியில் ஒரு துண்டு கழிக்கப்படும். அந்தத் தம்பியின் கையில் கொடுத்த கமரா எத்தனை கை மாறி வந்தது, எங்கேயாவது விழுந்து எழும்பினதா, கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது என்று ஒருவரும் கேட்பதில்லை.

எங்கள் வயதுக்காரரிடம் இதற்கு எதிர்ப்பாட்டு ஒன்றும் இருக்கிறது. "கமரா சரியில்ல மச்சான். பொடி மாத்தினால்தான் சரிவரும்." 1/60 செக்கனில் கையில் பிடித்து எடுத்து, கை அசைந்து மங்கின படத்துக்கும் கமராதான் பழி சுமக்கும். முதலாளி பெடியனைச் சொல்கிறார், பெடியன் கமராவைச் சொல்கிறான். இரண்டு பேருமே அந்தக் கமராவை ஒரு மேசையில் வைத்துப் பார்க்கவில்லை.

நாங்கள் சொல்ல வருவது இதைத்தான். ஒருவருக்கு வேலைக்கென்று கமராவைக் கொடுப்பவர், அது சரியாகக் குவிக்கிறது என்பதை முதலில் காட்டவேண்டும். காட்டாதவரை மங்கின படத்துக்காகக் கூலியில் கை வைக்க அவருக்கு உரிமை இல்லை. இது பெரிய புரட்சிக் கோரிக்கை ஒன்றும் இல்லை. வான் ஓட்டுறவரிடம் பிரேக் இல்லாத வானைக் கொடுத்துவிட்டு, "நீ ஏன் இடிச்சனி" என்று கேட்க ஏலாது தானே.

"தொழில்முறைக் கமரா பிழை விடுமா?" என்று கேட்பவர்களுக்கு 2007 ஆம் ஆண்டுக் கதை ஒன்று இருக்கிறது.

அந்த வருடம் பெப்ரவரியில் கனன் நிறுவனம் ஈஓஎஸ்-1டி மார்க் 3 என்ற கமராவை அறிவித்தது. விளையாட்டுப் படமும் செய்திப் படமும் எடுப்பவர்களுக்கென்றே செய்த பொடி. 10.1 மெகாபிக்சல், செக்கனுக்கு 10 படம், 45 குவிப்புப் புள்ளிகள், அவற்றில் 19 குறுக்குவகைப் புள்ளிகள். அமெரிக்காவில் விலை ஏறத்தாழ 4000 டொலர். அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனவர்கள் நேற்றுக் கமரா பிடித்தவர்கள் இல்லை. முந்தின 1டி மார்க் 2, மார்க் 2 என் பொடிகளை வைத்து வருடக்கணக்காகப் பிழைப்பு நடத்தினவர்கள்.

அவர்களில் சிலருக்கு விசித்திரமான ஒரு குறை தெரிந்தது. வெயிலும் வெக்கையுமான நாளில், தங்களை நோக்கி ஓடிவரும் வீரரைத் தொடர்ந்து எடுத்தால் கமரா இடையில் பிடியை விட்டுவிடும். முதல் படம் கூர்மை, அடுத்தது மங்கல், அதற்கடுத்தது கொஞ்சம் பரவாயில்லை, பிறகு மூன்று நான்கு மங்கல். ஒரு படத்தை மட்டும் பார்த்தால் 'சரி, தவறிப்போச்சு' என்று விட்டுவிடலாம். வரிசையாகப் பார்த்தால்தான் ஏதோ நோய் இருப்பது விளங்கும்.

கனடாவைச் சேர்ந்த ரொப் கல்பிரெய்த் என்ற புகைப்படக்காரர் அந்த வரிசையைத்தான் காட்டினார். மார்க் 3 ஐயும் பழைய மார்க் 2 என் ஐயும் ஒரே மாதிரியான வேலைக்குப் போட்டு, ஆயிரக்கணக்கில் எடுத்து, நல்லதையும் கெட்டதையும் சேர்த்துத் தொடராக இணையத்தில் போட்டார். கூர்மையான படத்தை ஒளித்துவிட்டு மங்கினதை மட்டும் போட்டிருந்தால் ஒருவரும் நம்பியிருக்கமாட்டார்கள். அந்த நேரத்திலும் "என்ர கமரா நல்லாத்தான் வேலை செய்யுது", "செட்டிங் விளங்காமல் எடுக்கிறாங்கள்" என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்களும் பொய் சொல்லவில்லை. குளிரான ஊரில், உள்ளரங்கில், ஆறுதலாக நிற்கிறவரை எடுத்தவர்களுக்கு அந்தக் குறை எதிர்ப்படவே இல்லை.

கனன் முதலில் மென்பொருள் திருத்தம் விட்டது. பிறகு 2007 இன் கடைசி மாதங்களில், உள்ளே இருக்கும் துணைக் கண்ணாடியின் பொறிமுறையில் குறை இருப்பதை ஏற்றுக்கொண்டு, பாதிக்கப்பட்ட கமராக்களை இலவசமாகத் திருத்திக் கொடுக்க முன்வந்தது. அதற்குப் பிறகும் மென்பொருள் திருத்தங்கள் வந்துகொண்டே இருந்தன. திருத்தினபிறகும் முழுக்கச் சரிவரவில்லை என்றே கல்பிரெய்த் எழுதினார். இதற்கிடையில் 2007 ஓகஸ்டில் நிக்கோன் 51 புள்ளிகளுடன் டி3 ஐ அறிவித்துவிட்டது. விளையாட்டுப் புகைப்படக்காரர் சிலர் கட்சி மாறினார்கள். லென்ஸ்களையும் விற்று மாறுவதென்றால் அது சின்னச் செலவு இல்லை. கனன் அடுத்த பொடியான மார்க் 4 ஐ அறிவிக்க 2009 ஒக்டோபர் ஆகிவிட்டது. அதில் 45 புள்ளிகளில் 39 குறுக்குவகை.

அந்தத் துணைக் கண்ணாடி என்ன வேலை செய்கிறது என்று விளங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். டிஎஸ்எல்ஆர் கமராவில் லென்சுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிற கண்ணாடி வெளிச்சத்தை மேலே அனுப்பி வியூஃபைண்டரில் காட்டுகிறது. அந்தக் கண்ணாடியின் நடுப்பகுதி வெளிச்சத்தில் கொஞ்சத்தை ஊடுருவ விடும். அப்படி வருகிற வெளிச்சத்தை, பின்னால் இருக்கிற இன்னொரு சின்னக் கண்ணாடி கீழே திருப்புகிறது. அதுதான் துணைக் கண்ணாடி. கமராவின் அடித்தளத்தில் குவிப்புச் சென்சர் இருக்கும். லென்சின் இரண்டு பக்கத்தால் வந்த வெளிச்சத்தை அது ஒப்பிட்டு, லென்ஸ் எந்தப் பக்கம் எவ்வளவு நகரவேண்டும் என்று சொல்லும்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. குவிப்பை அளப்பது ஒரு சென்சர், படம் விழுவது வேறொரு சென்சர். இரண்டுக்கும் வெளிச்சம் போகிற தூரம் சமமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் முழு ஏற்பாடும் நிற்கிறது. துணைக் கண்ணாடி இம்மியளவு சரிந்தாலும் கமரா முழு நம்பிக்கையோடு பிழையான இடத்தைக் குவிக்கும். வியூஃபைண்டரில் பச்சை வெளிச்சம் எரியும், 'பீப்' சத்தமும் கேட்கும், படம் மட்டும் மங்கும்.

செக்கனுக்கு 10 படம் என்றால் ஒரு படத்துக்கு 0.1 செக்கன். அதற்குள் இரண்டு கண்ணாடியும் மேலே மடங்கி, படம் விழுந்து, திரும்பக் கீழே வந்து, துடிப்பு அடங்கி, அளந்து, லென்ஸ் நகரவேண்டும். 100 மீற்றரை 10 செக்கனில் ஓடுகிறவர் அந்த 0.1 செக்கனில் 1 மீற்றர் கிட்ட வந்துவிடுவார். ஆகவே கமரா அவர் நிற்கிற இடத்தைக் குவித்துப் பயனில்லை, அவர் வரப்போகிற இடத்தைக் கணிக்கவேண்டும். பிழையான அளவிலிருந்து கணித்தால் பிழை இரட்டிக்கும். இவ்வளவும் சரியாக நடக்கிற நாட்கள்தான் அதிகம் என்பது எங்களுக்கு இன்னும் ஆச்சரியமாகவே இருக்கிறது.

வெயிலும் வெக்கையும் என்று சொன்னோமே, அது எங்கட வருடம் முழுக்க. மார்ச் மாதத்தில் யாழ் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான வடக்கின் பெரும் சமரில், மதிய வெயிலில் எல்லைக்கோட்டில் இருந்து எடுக்கிறவர்களுக்குக் கமராவைத் தொட்டாலே சுடும். ரூபா சரிந்த 2022 க்குப் பிறகு, டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபா அளவுக்கு ஏறின அந்தச் சில மாதங்களுக்குப் பிறகு, புதுக் கமரா எங்களில் பலருக்கு எட்டாமல் போய்விட்டது. வெளிநாட்டில் ஓய்வு பெற்ற பழைய தொழில்முறைப் பொடிகள்தான் கைமாறிக் கைமாறி இங்கே வந்து வேலை செய்கின்றன. அவற்றில் பல அருமையான கமராக்கள். ஆனால் 1டி மார்க் 3 ஒன்று மலிவாக வருகிறதென்றால் "துணைக் கண்ணாடி திருத்தினதா?" என்று கேட்காமல் காசு கொடுக்கக்கூடாது. நிக்கோன் டி800 என்றால், 2012 இல் அது வந்த புதிதில் சில பொடிகளில் இடது பக்கக் குவிப்புப் புள்ளிகள் பிழையாக வேலை செய்தன. நடுப்புள்ளியை மட்டும் பார்த்துவிட்டு வாங்கினால் அது தெரியவே வராது.

பரிசோதிப்பதற்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை. ஒரு உதயன் பேப்பர், ஒரு கார்ட்போர்ட் மட்டை, ஒரு அடிமட்டம், ஒரு முக்காலி போதும். பேப்பரை மட்டையில் ஒட்டி நேராக நிறுத்தவேண்டும். அதற்குப் பக்கத்தில், மட்டையின் முகப்பு அடிமட்டத்தின் நடுவோடு ஒத்துவரும்படி, அடிமட்டத்தை முன்னும் பின்னுமாகச் சாய்த்து வைக்கவேண்டும். சிலர் சாய்ந்த அடிமட்டத்தையே குவித்துப் பார்ப்பார்கள். அது ஏமாற்றும், ஏனென்றால் வியூஃபைண்டரில் தெரிகிற சின்னச் சதுரத்தைவிட உண்மையான குவிப்புப் பரப்புப் பெரியது. தூரம், லென்சின் குவியத் தூரத்தைப்போல ஏறத்தாழ 50 மடங்கு. 50 மில்லிமீற்றர் லென்ஸ் என்றால் 2.5 மீற்றர். துவாரத்தை முழுக்கத் திறந்து, பகல் வெளிச்சத்தில், ஒவ்வொரு முறையும் லென்சை வேண்டுமென்றே குழப்பிவிட்டுத் திரும்பக் குவித்து 10 படம் எடுக்கவேண்டும். பிறகு லைவ் வியூவில் 10 மடங்கு பெருப்பித்துக் கையால் குவித்து ஒரு படம். இந்தக் கடைசிப் படத்தில் துணைக் கண்ணாடிக்கு வேலை இல்லை, பார்ப்பது படச் சென்சரேதான். அதனால் அதுதான் சாட்சி.

சாட்சிப் படமும் மங்கினால் பிரச்சினை லென்சில், அல்லது முக்காலி ஆடியிருக்கிறது. சாட்சி கூர்மை, மற்றப் 10 படமும் ஒரே பக்கமாக, எல்லாம் முன்னால் அல்லது எல்லாம் பின்னால் பிசகியிருக்கிறது என்றால் அளவு பிசகியிருக்கிறது. இதைத் திருத்தலாம். நுண்திருத்தம் என்ற வசதியைக் கனன் முதன்முதல் கொடுத்ததும் அதே 1டி மார்க் 3 இல்தான் என்பது வேடிக்கை. கூட்டவும் குறைக்கவும் 20 படிகள், லென்ஸ் லென்சாகப் பதிந்து வைக்கலாம். பழைய பொடி வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்: கனனில் 50டி க்கு இந்த வசதி இருந்தது, 60டி யில் எடுத்துவிட்டார்கள், 70டி யில் திரும்ப வந்தது. நிக்கோனில் டி7000 க்கு உண்டு, டி3000, டி5000 வரிசைகளுக்கு இல்லை.

10 படமும் பத்துத் திசையில் சிதறினால் நுண்திருத்தத்தால் ஒரு பயனும் இல்லை. தேய்ந்த லென்ஸ் மோட்டார், அழுக்குப் பிடித்த தொடுமுனைகள், குவிப்புச் சென்சரில் தூசி, ஆட்டம் கண்ட கண்ணாடி என்று பல காரணம் இருக்கலாம். தொடுமுனைகளை மெல்லிய துணியால் துடைத்துப் பார்க்கலாம், எங்கட கடற்காத்துக்கு அது அடிக்கடி தேவை. அதற்கு மேல் திருத்துபவரிடம்தான் போகவேண்டும். ஆனால் இந்தப் 10 படத்தோடு போகவேண்டும். "ஃபோகஸ் சரியில்ல அண்ணை" என்று வெறுங்கையோடு போனால் "இங்க நல்லாத்தானே இருக்கு" என்ற பதிலோடும் ஒரு பில்லோடும் திரும்பி வரலாம்.

சரி, கமரா இதில் எல்லாம் தேறிவிட்டது. இனிப் பெடியனின் முறை. இயந்திரம் நல்லதாக இருந்தும் அதற்கு ஏலாத இடங்கள் உண்டு. தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் எடுக்கப் போனவர்களுக்குத் தெரியும். பட்டம் புள்ளியை விட்டு விலகினால் மிஞ்சுவது வெறும் வானம். பிடிப்பதற்கு ஒரு கோடும் இல்லாமல் லென்ஸ் முன்னும் பின்னும் உழன்றுகொண்டே இருக்கும். அது கமராவின் பிழை இல்லை. நடுவிலே உள்ள ஒற்றைப் புள்ளியைப் பட்டத்தின் விளிம்பில் வைத்து ஒருக்கால் பிடித்துவிட்டு, பின்பக்கப் பொத்தானில் இருந்து விரலை எடுத்துவிட்டால், அந்த உயரத்தில் பறக்கிற பட்டத்துக்கு அது போதும். ஷட்டர் பொத்தானில் இருந்து குவிப்பைப் பிரித்துப் பின்பக்கத்துக்கு மாற்றுவது பல பொடிகளில் மெனுவில் ஒரு நிமிட வேலை.

அசைவால் மங்கினதும் குவிப்பால் மங்கினதும் வேறு வேறு. மணமகள் மங்கி, பின்னால் மாமியின் அட்டியல் கூர்மை என்றால் குவிப்பு. படத்தில் ஒன்றுமே கூர்மை இல்லை, கோடுகள் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கின்றன என்றால் அசைவு. இதைப் பிரித்துச் சொல்லத் தெரியாமல் கமராவைத் திட்டுகிறவரோடு எங்களால் வழக்காட ஏலாது.

தாலி கட்டுகிற நேரம்தான் எல்லாவற்றிலும் கொடுமை. பின்னால் எல்இடி வெளிச்சம், முன்னால் ஓமப் புகை, கெட்டிமேளம், ஐயரின் கை, வீடியோக்காரரின் தோள், தலையை நீட்டுகிற பத்துச் சொந்தக்காரர். கையில் 85 மில்லிமீற்றர், எஃப் 1.8 இல் திறந்திருக்கிறது. 2 மீற்றரில் அந்த லென்சுக்குக் கூர்மையாக விழும் ஆழம், முழுச்சட்டகக் கமராவில், ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர். கண் கூர்மை என்றால் காது இல்லை. மணமகள் சிரித்துக்கொண்டு கொஞ்சம் முன்னுக்குச் சரிந்தாலே போச்சு. இந்த இடத்தில் எஃப் 1.8 தேவையா என்ற கேள்வியை முதலில் கேட்கவேண்டும். பின்புலம் கரைந்து பாலாக ஓடவேண்டும் என்ற ஆசைக்குத் தாலி கட்டுகிற நிமிடத்தைப் பணயம் வைப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. எஃப் 4 இல் எடுத்து ஐஎஸ்ஓவைக் கூட்டினால் கொஞ்சம் மணல் தெரியும். மணல் தெரிகிற படத்தை அம்மா பிரேம் போடுவா. மங்கின படத்தைப் போடமாட்டா.

"மிரர்லெஸ் வாங்கினால் இந்தத் தலையிடி ஒண்டும் இல்லையே" என்று சொல்வார்கள். பாதி உண்மை. அங்கே படம் விழுகிற சென்சரே குவிப்பையும் அளப்பதால் இரண்டு தூரம் ஒத்துப்போகவேண்டிய சிக்கல் இல்லை. ஆனால் கண்ணைத் தேடிப் பிடிக்கிற வசதி எந்தக் கண்ணைப் பிடிக்கும் என்பதில் அதற்கென்று ஒரு விருப்பம் இருக்கிறது. மணவறையில் கமராவுக்குக் கிட்ட ஐயர் இருந்தால், ஐயரின் கண் அழகாக வரும். இனி, மங்கினதை மென்பொருளில் கூர்மையாக்கிக் கொடுப்பவர்களும் வந்துவிட்டார்கள். இல்லாத இமைமயிரை வரைந்து கொடுக்கிற அந்த வேலையை நாங்கள் திருத்தம் என்று ஏற்கவில்லை. அந்தப் பிள்ளையின் முகம் அது இல்லை.

ஆகவே ஸ்ரூடியோ அண்ணைமாரிடம் எங்களுக்கு ஒரு கேள்வி. நல்ல பொடியை உங்கட கழுத்தில் போட்டுக்கொண்டு, பத்து வருடம் அடிபட்ட பொடியை உதவிக்கு வருகிற தம்பியிடம் கொடுக்கிறீர்கள். அதில் நியாயம் இருக்கலாம், முதல் உங்களுடையது. ஆனால் அந்தப் பழைய பொடி முதன்மை லென்சோடு பின்னால் 8 படி பிசகுகிறது என்று தெரிந்துகொண்டே, அல்லது தெரிந்துகொள்ள விரும்பாமலே, மங்கின படத்துக்கு அவனிடம் காசு பிடிப்பதில் என்ன நியாயம்? உதவிக்குப் போகிற தம்பி, தங்கைமாருக்கும் ஒன்று. கமராவைக் கையில் வாங்கினதும் முதல் வேலையாக மண்டபத்துத் தூணில் ஒட்டியிருக்கிற நோட்டீசை வியூஃபைண்டரால் மூன்று, லைவ் வியூவில் ஒன்று எடுத்து வையுங்கோ. இரண்டு நிமிடம் போகாது. நேரமும் திகதியும் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். பிறகு கூலியைப் பற்றிக் கதை வந்தால் அந்த நாலு படமும் கதைக்கும்.

ஸ்ரூடியோக்களுக்கு இதற்கென்று நேரம் இல்லை என்பதையும் நாங்கள் ஏற்கமாட்டோம். ஆடி மாதம் கலியாணம் இல்லை. கமராக்கள் அலுமாரிக்குள் சும்மா கிடக்கும். ஒரு பொடிக்கும் ஒரு லென்சுக்கும் அரை மணித்தியாலம் என்று வைத்தால் நாலு லென்ஸ் வைத்திருக்கிற ஸ்ரூடியோ ஒரு பின்னேரத்துக்குள் முடித்துவிடலாம். எந்த லென்ஸ் எத்தனை படி என்று ஒரு துண்டில் எழுதிப் பையின் உள்பக்கம் ஒட்டிவிட்டால், ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போகிற பெடியனுக்கு அது தெரியும்.